காது கேளாத குழந்தைகளுக்குப் பல் சுத்தம் கற்றுக்கொடுப்பது: சிக்கல் எங்கே இருக்கிறது?

பல் துலக்குவது கையால் செய்யும் வேலை. அதைக் கற்க காது எதற்கு? காது கேளாத குழந்தைகளுக்கு வாய்ச் சுகாதாரத்தைத் தனி அக்கறையோடு கற்றுக்கொடுக்க வேண்டும் என்று மருத்துவர்கள் சொல்லும்போது பல பெற்றோருக்கு இந்தக் கேள்விதான் முதலில் எழுகிறது. நியாயமான கேள்வி. இந்தக் குழந்தைகளில் மிகப் பெரும்பாலோருக்குப் பிரஷைப் பிடிக்கும் விரல்களில் எந்தக் குறையும் கிடையாது. பார்த்துச் செய்வதில் பலர் கெட்டிக்காரர்களும்கூட. ஆனாலும் பல நாடுகளில் பள்ளிகளில் நடந்த பரிசோதனைகள் பெரும்பாலும் ஒரே திசையைத்தான் காட்டுகின்றன. சிகிச்சை பெறாத சொத்தைப் பற்களும் ஈறு வீக்கமும் இவர்களிடம் கூடுதலாகத் தென்படுகின்றன. வித்தியாசம் சில இடங்களில் பெரிது, சில இடங்களில் சிறிது.

இந்த இடைவெளி எங்கிருந்து வருகிறது என்பது புரிந்தால் எதை மாற்ற வேண்டும் என்பதும் தெரிந்துவிடும். அடிப்படையிலிருந்து பார்ப்போம்.

காதைப் பற்றியும் பல்லைப் பற்றியும் சில அடிப்படைகள்

காது கேளாமை என்பது ஒரே நிலை அல்ல. மெல்லிய ஒலிகள் மட்டும் தவறிப்போகும் குழந்தை ஒரு முனையில். இடிச் சத்தத்தை அதிர்வாக மட்டுமே உணரும் குழந்தை இன்னொரு முனையில். நன்றாகக் கேட்கும் காதிலேயே 35 டெசிபெலுக்கு மேல் இழப்பு இருந்தால், உதவி தேவைப்படும் அளவிலான குறைபாடு என்று உலக சுகாதார நிறுவனம் வரையறுக்கிறது. இந்த அளவில் உலகில் சுமார் 43 கோடிப் பேர் இருக்கிறார்கள், அவர்களில் 3.4 கோடிப் பேர் குழந்தைகள். சிலர் காது கேட்கும் கருவி அணிகிறார்கள், சிலருக்குக் காக்ளியர் இம்ப்ளாண்ட் (செவி நரம்பை நேரடியாகத் தூண்டும், அறுவை சிகிச்சையில் வைக்கப்படும் மின்கருவி) பொருத்தப்பட்டிருக்கிறது, சிலர் சைகை மொழியில் வளர்கிறார்கள். பலர் இவை எல்லாவற்றையும் கலந்து பயன்படுத்துகிறார்கள். ஒரு வகுப்பில் இருக்கும் பத்துக் குழந்தைகளுக்கு ஒரே பாட முறை பொருந்தாது என்பதற்கு இதுவே போதுமான காரணம்.

இனி பல். பல்லின் மேல் எப்போதும் ஒரு மெல்லிய, ஒட்டும் படலம் சேர்ந்துகொண்டே இருக்கும். அது உயிருள்ள பாக்டீரியாக்களின் கூட்டம். நாம் சர்க்கரையோ மாவுப்பொருளோ சாப்பிட்டால் அந்தப் பாக்டீரியாக்கள் அதை அமிலமாக்குகின்றன. படலத்தின் பிஎச் அளவு (குறையக் குறைய அமிலம் அதிகம்) சுமார் 5.5-க்குக் கீழே இறங்கினால், பல்லின் கெட்டியான மேல் உறையான எனாமலில் இருக்கும் தாதுக்கள் கரையத் தொடங்கும். உமிழ்நீர் மெல்ல அமிலத்தை முறித்து, கரைந்த தாதுவில் ஒரு பகுதியைத் திருப்பி ஏற்றுகிறது. இந்த இழுபறியில் இழப்பு அதிகமானால் சொத்தை. ஆகவே ஒரு நாளில் எவ்வளவு இனிப்பு என்பதோடு, எத்தனை முறை என்பதும் முக்கியம். பேஸ்ட்டில் இருக்கும் ஃப்ளோரைடு, கரைந்த தாது திரும்ப ஏறுவதற்கு உதவுகிறது. தூக்கத்தில் உமிழ்நீர் சுரப்பு வெகுவாகக் குறைவதால் இரவில் துலக்குவது பகலில் துலக்குவதைவிட முக்கியமாகிறது.

பால் பல் சொத்தை எல்லாக் குழந்தைகளுக்கும் பொதுவான தொல்லைதான். உலக அளவில் 51 கோடிக்கும் மேற்பட்ட குழந்தைகளுக்கு அது இருப்பதாக உலக சுகாதார நிறுவனத்தின் 2022 அறிக்கை மதிப்பிட்டது. எந்தக் குழந்தையும் கற்க வேண்டிய பட்டியலும் நீளமானதல்ல:

1. நாளுக்கு இரண்டு முறை, ஒவ்வொரு முறையும் இரண்டு நிமிடம். அதில் ஒன்று தூங்கப் போகும் முன், கடைசி வேலையாக.
2. ஃப்ளோரைடு உள்ள பேஸ்ட். 3 வயதுக்குக் கீழே அரிசி மணி அளவு, 3 முதல் 6 வயது வரை பட்டாணி அளவு.
3. துலக்கி முடித்ததும் துப்ப வேண்டும். உடனே தண்ணீர் விட்டு அலசக் கூடாது. அலசினால் ஃப்ளோரைடும் சேர்ந்து போய்விடும்.
4. முன்புறம், உட்புறம், மெல்லும் பரப்பு என்று ஒவ்வொரு பல்லுக்கும் மூன்று பக்கமும், அதோடு ஈறு ஓரமும்.
5. ஏழு, எட்டு வயது வரை ஒரு பெரியவர் கூட நின்று துலக்கிவிட வேண்டும் அல்லது சரிபார்க்க வேண்டும். சிறு பிள்ளையின் மணிக்கட்டுக்கு அந்த நுணுக்கம் அதற்கு முன் வருவதில்லை.

‘எப்படி’ என்பது சுலபம், ‘ஏன்’ என்பதுதான் சிக்கல்

மேலே உள்ள ஐந்தையும் ஒரு குழந்தைக்கு வாய் திறக்காமலே செய்து காட்டிவிடலாம். பிரஷ் பிடிக்கும் விதம், பேஸ்ட்டின் அளவு, துப்புவது எல்லாம் கண்ணுக்குத் தெரியும் செயல்கள். ஆனால் காரணத்தைச் செய்து காட்ட முடியாது. அதற்கு மொழி வேண்டும்.

காது கேட்கும் குழந்தை பல்லைப் பற்றித் தெரிந்துகொண்டதில் பெரும் பகுதியை யாரும் அதற்கு உட்காரவைத்துச் சொல்லித் தந்திருக்க மாட்டார்கள். அம்மா யாரிடமோ போனில் ‘கடைவாய்ப் பல்லை அடைச்சேன், உயிர் போகுது’ என்று சொன்னது காதில் விழும். ராத்திரி மிட்டாய் தின்றதற்கு அக்கா திட்டு வாங்குவது கேட்கும். விளம்பரங்கள் ஓயாமல் பேசும். பள்ளியில் பக்கத்துப் பையன் தன் பல்லைப் பிடுங்கிய கதையை அளப்பான். இப்படிப் போகிற போக்கில் கிடைக்கும் அறிவு ஆண்டுக்கணக்கில் சேர்ந்து, ‘துலக்காவிட்டால் சொத்தை வரும், சொத்தை வந்தால் வலிக்கும்’ என்ற தொடர்பைத் தானாக உருவாக்கிவிடுகிறது.

காது கேளாத குழந்தைக்கு இந்த வழி மூடியிருக்கிறது. அதன்முன் நேரடியாக, கண்ணுக்குத் தெரியும்படி சொல்லப்படாதது எதுவும் அதற்குச் சொல்லப்படாததுதான். இன்னொரு விஷயமும் உண்டு. காது கேளாத குழந்தைகளில் பத்தில் ஒன்பதுக்கும் மேற்பட்டவை காது கேட்கும் பெற்றோருக்கே பிறக்கின்றன. அந்தப் பெற்றோரில் பலருக்குச் சைகை மொழி தெரியாது, அல்லது அரைகுறையாகத் தெரியும். அதனால் வீட்டில் நடக்கும் உரையாடல் கட்டளைகளாகச் சுருங்கிவிடுகிறது. விரலால் பல் தேய்க்கும் சைகை காட்டினால் ‘போய்த் துலக்கு’. மிட்டாயைக் காட்டிக் கையை ஆட்டினால் ‘கூடாது’. அவ்வளவுதான்.

இந்தச் சுருக்கத்தால் என்ன இழப்பு என்பதற்கு இனிப்பு விஷயமே நல்ல உதாரணம். ‘சாப்பாட்டோடு சேர்த்து இனிப்பு சாப்பிட்டால் பரவாயில்லை, இடையிடையே கொறித்துக்கொண்டே இருந்தால்தான் ஆபத்து, தூங்கும் முன் வேண்டவே வேண்டாம்’ என்பது நிபந்தனைகள் அடங்கிய வாக்கியம். தலையாட்டலிலும் கையாட்டலிலும் இதைச் சொல்லிப் பாருங்கள், முடியாது. குழந்தைக்குப் போய்ச் சேர்வது ‘சில நேரம் தருகிறார்கள், சில நேரம் பிடுங்குகிறார்கள்’ என்ற குழப்பம் மட்டுமே.

காரணம் தெரியாத பழக்கம் ஒரு சடங்காகிவிடும். யாராவது பார்த்துக்கொண்டிருக்கும் வரை குழந்தை துலக்கும். கண்ணாடியில் தெரியும் முன்பற்களைத் தேய்த்துவிட்டுத் திருப்தியோடு வந்துவிடும். விடுமுறையில் கண்காணிப்பு குறைந்தால் பழக்கமும் நின்றுபோகும். மேலே சொன்ன ஆய்வு முடிவுகளுக்கு இதுவே முதன்மைக் காரணம் என்று நான் நினைக்கிறேன். குடும்ப வருமானம், மருத்துவமனை எட்டும் தூரம் போன்றவற்றுக்கும் பங்கு உண்டு. ஆனால் அவை காது கேளாதவர்களுக்கு மட்டுமே உரியவை அல்ல.

அச்சமும் இதே இடைவெளியில்தான் வளர்கிறது. ஆறு வயதில் பால் பல் ஆடத் தொடங்குகிறது. ‘இது விழும், புதுசா ஒண்ணு முளைக்கும்’ என்று கேட்கும் குழந்தைக்கு யாராவது சொல்லியிருப்பார்கள். சொல்லப்படாத குழந்தைக்குத் தன் உடம்பின் ஒரு துண்டு ரத்தத்தோடு கழன்று வருகிறது.

ஒலியை நம்பிக் கட்டப்பட்ட பாடங்கள்

வழக்கமான பல் சுகாதார வகுப்பைக் கவனித்தால் அது எவ்வளவு தூரம் காதை நம்பியிருக்கிறது என்பது தெரியும். இரண்டு நிமிடப் பாட்டு, நேரம் முடிந்ததும் ஒலிக்கும் டைமர், ஒரு கையில் பெரிய பல் மாதிரியும் இன்னொரு கையில் பிரஷும் வைத்துக்கொண்டு ஆசிரியர் விடாமல் பேசும் விளக்கம். படம் காட்டுகிறோமே என்று சமாதானம் சொல்வார்கள். அந்தப் படத்தின் பொருளைச் சுமப்பது பின்னணிக் குரலாகத்தான் இருக்கும்.

உதட்டசைவைப் பார்த்துப் புரிந்துகொள்வார்கள் என்று நம்புவது இன்னொரு தவறு. பேச்சொலிகளில் பாதிக்கும் குறைவானவையே உதட்டில் தெளிவாகத் தெரிகின்றன. ‘பாடு’, ‘மாடு’ இரண்டையும் கண்ணாடி முன் நின்று சத்தமில்லாமல் சொல்லிப் பாருங்கள், வித்தியாசம் தெரியாது. ‘க’ போன்ற ஒலிகள் தொண்டையருகே பிறப்பதால் உதட்டுக்கு வருவதே இல்லை. மீதியை ஊகத்தால்தான் நிரப்ப வேண்டும். தெரிந்த விஷயம் என்றால் ஊகிக்கலாம்; புதிதாகக் கற்கும் விஷயத்தை எப்படி ஊகிப்பது? இதில் வேடிக்கை என்னவென்றால், பிரஷை வாயில் வைத்துக்கொண்டே விளக்கம் சொல்லும் ஆசிரியர் இருக்கும் கொஞ்ச உதட்டசைவையும் அழித்துவிடுகிறார்.

எல்லாவற்றையும்விட அதிகம் கவனிக்கப்படாதது பார்வையின் பங்கீடு. காது கேட்கும் குழந்தை கண்ணால் பிரஷைப் பார்த்துக்கொண்டே காதால் விளக்கத்தை வாங்கிக்கொள்ளும். காது கேளாத குழந்தைக்கு இரண்டுக்கும் கண் ஒன்றே. சப்டைட்டில் வாசிக்கும்போது திரையில் ஒரு காட்சி தவறிப்போவதுபோல, சைகையைப் பார்த்தால் பிரஷ் தவறும், பிரஷைப் பார்த்தால் சைகை தவறும். சொல்வதையும் காட்டுவதையும் ஒரே நேரத்தில் செய்யும் ஆசிரியர், எவ்வளவு அக்கறையானவராக இருந்தாலும், பாடத்தின் பாதியைக் கீழே கொட்டிவிடுகிறார்.

எப்படிக் கற்றுக்கொடுக்கலாம்?

குழந்தைகளுக்கான பல் மருத்துவத்தில் ‘சொல், காட்டு, செய்’ என்றொரு முறை 1959-லிருந்து புழக்கத்தில் இருக்கிறது. அடல்ஸ்டன் என்ற பல் மருத்துவர் அதை முன்வைத்தார். முதலில் என்ன செய்யப்போகிறோம் என்று சொல்வது, பிறகு கருவியைக் காட்டுவது, அதன் பிறகே செய்வது. காது கேளாத குழந்தைக்கு இது அப்படியே பொருந்தும், ஒரு கண்டிப்போடு: மூன்றும் தனித்தனியாக நடக்க வேண்டும், நடுவில் இடைவெளி வேண்டும். ‘தொட்டு உணர்’ என்று நான்காவதாக ஒன்றையும் சேர்ப்பது நல்லது.

வீட்டிலோ பள்ளியிலோ பின்பற்றக்கூடிய வரிசை:

1. வெளிச்சமும் இடமும். வெளிச்சம் கற்றுக்கொடுப்பவரின் முகத்தில் விழ வேண்டும். ஜன்னலுக்கு முதுகைக் காட்டி நின்றால் முகம் கறுத்து, உதடும் சைகையும் தெரியாமல் போகும். குழந்தையின் கண் மட்டத்துக்கு இறங்கி உட்கார வேண்டும். கவனம் வேண்டுமென்றால் தோளை மெல்லத் தொடலாம், அல்லது விளக்கை ஒருமுறை அணைத்து ஏற்றலாம்.

2. பக்கத்தில் நின்று, கண்ணாடி முன். எதிரே நின்று செய்து காட்டினால் இடம் வலம் மாறிவிடும். பெரிய கண்ணாடி முன் இருவரும் அருகருகே நின்றால் இரண்டு வாயும் ஒரே சட்டத்தில் தெரியும். பெரியவர் வலது கடைவாயைத் தேய்த்தால் குழந்தையும் அதே பக்கத்தைத் தேய்க்கும். கழுத்தைத் திருப்பாமலே மூன்றையும், அதாவது பெரியவரின் கை, தன் கை, சைகை ஆகியவற்றைப் பார்க்க முடிகிறது. பார்வைப் பங்கீட்டுச் சிக்கலைக் குறைக்க எனக்குத் தெரிந்து இதைவிட மலிவான உபாயம் இல்லை.

3. எளிய அசைவு. சிறு பிள்ளைகளுக்குப் பற்களை மூடிக்கொண்டு வெளிப்புறத்தில் பெரிய வட்டங்களாகத் தேய்க்கும் ஃபோன்ஸ் முறை போதும். ஈறு ஓரத்தில் பிரஷைச் சாய்த்து நுணுக்கமாக அசைக்கும் முறைகளைப் பத்து வயதுவாக்கில் பார்த்துக்கொள்ளலாம். சைகையில் சொன்னால் புரியாத அழுத்தத்தைக் கையால் உணர்த்தலாம்: குழந்தையின் கைமேல் உங்கள் கையை வைத்துச் சில முறை தேய்த்தால் எவ்வளவு மெதுவாக என்பது தெரிந்துவிடும்.

4. படலத்துக்கு நிறம் ஏற்றுவது. பாக்டீரியாப் படலத்தில் மட்டும் நிறம் ஒட்டும்படியான மாத்திரைகளும் திரவங்களும் உண்டு. மென்று துப்பினால் அழுக்கு இருக்கும் இடம் சிவப்பாகவோ நீலமாகவோ தெரியும். துலக்கிவிட்டு மறுபடி பார்த்தால் எங்கே விட்டுவிட்டோம் என்பது தெரியும். விளக்கமே தேவையில்லாத பாடம் இது. காது கேட்கும் குழந்தைகளுக்குக் கூடுதல் வசதியாக இருக்கும் இந்தப் பொருள், காது கேளாத குழந்தைக்கு முதன்மைப் பாடப்புத்தகமாகவே பயன்படும். சாயம் சில மணி நேரம் உதட்டிலும் நாக்கிலும் ஒட்டியிருக்கும், பயப்பட வேண்டியதில்லை என்பதை முன்கூட்டியே காட்டிவிட வேண்டும்.

5. நாக்கால் சோதிப்பது. துலக்கும் முன் பல்லின் உட்புறம் நாக்கை ஓட்டினால் சொரசொரவென்று இருக்கும். துலக்கிய பின் வழுவழுப்பு. தினமும் சாயம் போட முடியாது, நாக்கு எப்போதும் கூடவே இருக்கிறது.

6. கண்ணுக்குத் தெரியும் நேரம். பாட்டுக்குப் பதில் இரண்டு நிமிட மணல் கடிகாரம். மின்சார பிரஷ்களில் பலவற்றில் 30 விநாடிக்கு ஒருமுறை அதிர்வு சற்று மாறும். வாயை நான்கு பகுதிகளாகப் பிரித்துக்கொண்டு, அதிர்வு மாறும்போது அடுத்த பகுதிக்குப் போகப் பழக்கலாம். ஒலியே இல்லாமல் வேலை செய்யும் ஏற்பாடு.

7. படவரிசை. வாஷ்பேசின் மேலே, பேஸ்ட் அளவு முதல் துப்புவது வரை ஆறேழு படங்கள். அந்தக் குழந்தையையே வைத்து எடுத்த புகைப்படங்கள் வரைபடங்களைவிட நன்றாக எடுபடும்.

படங்களைத் தேர்ந்தெடுப்பதில் ஒரு எச்சரிக்கை. பல்லைச் சுத்தியலால் உடைக்கும் குட்டி அரக்கன், பல்லுக்குள் நெளியும் புழு போன்ற கார்ட்டூன்கள் இந்த வகுப்புகளில் ஏராளம். பின்னணிக் குரல் ‘இது சும்மா கற்பனை’ என்று கேட்கும் குழந்தைக்கு உணர்த்திவிடுகிறது. படத்தை மட்டும் பார்க்கும் குழந்தை, தன் வாய்க்குள் உண்மையிலேயே ஒரு புழு இருக்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம், தூக்கம் கெடும். காரணத்தைப் புரியவைக்க உண்மையான பொருள்கள் மேல். முட்டை ஓட்டை வினிகரில் ஊறவைத்தால் குமிழிகள் கிளம்பும், ஒரு நாளில் ஓடு கரைந்து மென்மையாகிவிடும். ஓடு கால்சியம் கார்பனேட், எனாமல் கால்சியம் பாஸ்பேட் வகை என்பதால் இரண்டும் ஒன்றல்ல. ஆனாலும் ‘அமிலம் கெட்டியான பொருளைக் கரைக்கும்’ என்பது கண்ணில் பதிந்துவிடும்.

குளியலறையும் இரவு நேரமும்

காது கேட்கும் கருவி அணிந்த குழந்தைக்குப் பேசினாலே போதும் என்று நினைக்கும் வீடுகளில் ஒரு சிறு நடைமுறைச் சிக்கல் ஒளிந்திருக்கிறது. பல் துலக்கும் இடம் பெரும்பாலும் ஓடு பதித்த குளியலறை. கெட்டியான சுவர்களில் ஒலி எதிரொலித்துக் கலங்கும். குழாய் திறந்திருந்தால் தண்ணீர்ச் சத்தத்தையும் கருவி பெருக்கித் தரும். வீட்டின் மற்ற அறைகளில் நன்றாகப் புரிந்துகொள்ளும் குழந்தை அங்கே மட்டும் ‘காதில் வாங்காமல்’ நிற்பதன் ரகசியம் இதுதான்.

இரவில் நிலைமை இன்னும் மோசம். குளிக்கும் முன்போ தூங்கும் முன்போ கருவியைக் கழற்றி வைத்துவிடுவார்கள். ஆக, நாளின் மிக முக்கியமான துலக்கல், குழந்தைக்கு எதுவுமே கேட்காத நேரத்தில் நடக்கிறது. இதற்கு இரண்டே வழி: கருவியைக் கழற்றும் முன்பே பல் துலக்கலை வைத்துக்கொள்வது, அல்லது துலக்கும் நேரத்துக்கான முழு உரையாடலையும் சைகைக்கு மாற்றிக்கொள்வது. சொல்ல வேண்டிய விளக்கத்தைக் கூடத்திலோ படுக்கையிலோ முன்கூட்டியே முடித்துவிட்டு, குளியலறையில் செயலை மட்டும் வைத்துக்கொள்வது இரண்டுக்கும் பொருந்தும்.

சைகை மொழியா, துண்டுப் பிரசுரமா?

‘காது கேட்காவிட்டால் என்ன, படிக்கத் தெரியுமே’ என்று அச்சடித்த தாளைக் கொடுப்பது மருத்துவமனைகளிலும் பள்ளிகளிலும் வழக்கம். சின்ன வயதில் எந்த மொழியும் முழுமையாகக் கிடைக்காமல் போன குழந்தைக்கு வாசிப்பும் தாமதமாகத்தான் வரும். பேச்சில் தெரியாத சொல் எழுத்தில் மட்டும் எப்படித் தெரியும்? எழுத்து உதவிக்கு இருக்கலாம், அதையே பாடமாக்கக் கூடாது.

சைகை மொழிகள் தமக்கென இலக்கணம் கொண்ட முழு மொழிகள். உலகுக்கெல்லாம் பொதுவான ஒன்று கிடையாது. நாட்டுக்கு நாடு மாறும். 1880-இல் மிலானில் கூடிய கல்வி மாநாடு காது கேளாதோர் பள்ளிகளில் சைகையைத் தவிர்த்துப் பேச்சை மட்டும் கற்பிக்கத் தீர்மானித்தது. அதன் தாக்கம் பல தலைமுறைகள் நீடித்தது. 2010-இல் வான்கூவரில் கூடிய அதே வரிசை மாநாடு அந்தத் தீர்மானங்களை நிராகரித்து வருத்தம் தெரிவித்தது. பல் துலக்குவதற்கும் இந்தப் பழைய கதைக்கும் என்ன தொடர்பு என்று கேட்கலாம். மொழியைத் தாமதமாகக் கொடுத்தால் அதன் விலை பாடத் தேர்வில் மட்டும் தெரிவதில்லை, உடல்நலத்திலும் தெரியும். தொடர்பு அதுதான்.

சைகை மொழியில் எடுத்த வீடியோக்கள் நல்ல பலன் தருகின்றன. காது கேளாத பெரியவர் ஒருவரே முன்னின்று கற்றுக்கொடுக்கும் வீடியோ இன்னும் சிறப்பு. குழந்தை தன்னைப் போன்ற ஒருவரை அங்கே பார்க்கிறது. பேச்சு வீடியோவின் மூலையில் தபால்தலை அளவில் மொழிபெயர்ப்பாளரை ஒட்டுவது கணக்குக்காகச் செய்யும் வேலை. குழந்தை மூலையைப் பார்க்குமா, நடுவில் நகரும் பிரஷைப் பார்க்குமா?

காதும் எனாமலும் சேர்ந்து பாதிக்கப்படும்போது

இதுவரை பல் அமைப்பில் குறையில்லை என்ற அனுமானத்தில் பேசினோம். சிலருக்கு அது பொருந்தாது. பால் பற்களின் எனாமல் கருவின் நான்காம் மாதவாக்கில் உருவாகத் தொடங்குகிறது. கர்ப்பக் காலத்திலும் பிறந்த சமயத்திலும் உட்காதைப் பாதிக்கும் சில காரணங்கள் எனாமலையும் விடுவதில்லை:

1. தாய்க்குக் கர்ப்பத்தில் வந்த ருபெல்லா, சைட்டோமெகலோ வைரஸ் தொற்றுகள்.
2. குறைமாதப் பிறப்பு.
3. பிறந்தவுடன் வந்த, கட்டுக்கடங்காத மஞ்சள்காமாலை. இது காது நரம்பைப் பாதிப்பதோடு, பால் பற்களில் பச்சை நிறச் சாயலையும் விட்டுச்செல்லலாம்.
4. ஹைம்லர் நோய்க்கூறு போன்ற அரிய மரபுக் கோளாறுகள். இதில் செவித்திறன் இழப்பும் நிரந்தரப் பற்களின் எனாமல் குறையும் சேர்ந்தே வரும்.

எனாமல் மெலிந்த பல்லில் சொத்தை சீக்கிரம் பிடிக்கும், குளிர்ந்த தண்ணீர் பட்டாலே கூசும். பிரஷ் பட்டதும் விலகி ஓடும் குழந்தை அடம்பிடிக்கவில்லை, அதற்குக் கூசுகிறது. சொல்லத் தெரியவில்லை. பல்லில் வெண்திட்டு, மஞ்சள் பழுப்பு, குழி ஏதாவது தெரிந்தால் பழக்கத்தைக் குறைசொல்லும் முன் பல் மருத்துவரிடம் காட்டுவது நல்லது. காது வலிக்கும் தொற்றுக்கும் அடிக்கடி சிரப் குடிக்கும் குழந்தை என்றால் அந்தச் சிரப்பில் சர்க்கரை இருக்கிறதா என்பதையும் பார்க்க வேண்டும், குறிப்பாக இரவு மருந்தில்.

பல் மருத்துவரின் நாற்காலியில்

வீட்டில் கற்ற எல்லாம் ஒரு மோசமான சிகிச்சை அனுபவத்தில் கலைந்துவிடக்கூடும். மருத்துவர் முகக்கவசம் அணிந்ததும் உதடும் முகபாவமும் மறைகின்றன. விளக்கு கண்ணைக் கூசவைக்கிறது. பின்னாலிருந்து ஒரு கை வருகிறது. இவற்றைத் தவிர்க்கப் பெற்றோர் முன்கூட்டியே பேசிவைக்க வேண்டியவை:

1. கவசம் அணியும் முன்பே முழு விளக்கமும் முடிந்துவிட வேண்டும். இடையில் ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் வேலையை நிறுத்திவிட்டுச் சொல்ல வேண்டும். முகம் தெரியும் கவசம் கிடைத்தால் நல்லது.
2. ‘நிறுத்து’ என்பதற்கு ஒரு கை அடையாளம். குழந்தை கை உயர்த்தினால் உண்மையிலேயே நிறுத்த வேண்டும். ஒருமுறை ஏமாற்றினால் அதன்பின் அந்த அடையாளத்துக்கு மதிப்பில்லை.
3. காது கேட்கும் கருவி டிரில் ஓசையைக் கடுமையாகப் பெருக்கும். வாய் திறக்கும்போது காதுக்குழாயின் வடிவம் மாறுவதால் கீச்சென்ற சத்தமும் எழலாம். எப்போது அணைப்பது, எப்போது திரும்பப் போடுவது என்று குழந்தையிடமே கேட்டு முடிவு செய்யலாம்.
4. காது கேட்காவிட்டாலும் அதிர்வு எலும்பு வழியே மண்டைக்குள் போகும். கருவியை முதலில் குழந்தையின் விரல் நகத்தில் தொட்டுக் காட்டினால் அதிர்ச்சி குறையும்.
5. உட்காதில்தான் உடலின் சமநிலை உறுப்பும் இருக்கிறது. கடுமையான செவித்திறன் குறைபாடு உள்ள பலருக்குச் சமநிலையும் தடுமாறும். நாற்காலியைச் சட்டென்று சாய்த்தால் விழுவதுபோல மிரண்டுபோவார்கள். மெதுவாக, சொல்லிவிட்டுச் சாய்க்க வேண்டும்.
6. காக்ளியர் இம்ப்ளாண்ட் இருந்தால் அதைக் கட்டாயம் தெரிவிக்க வேண்டும். ஒற்றைமுனை வகை மின்கத்தியை (மின்சாரத்தால் திசுவை வெட்டும் கருவி) தலை, கழுத்துப் பகுதியில் இவர்களுக்குப் பயன்படுத்தக் கூடாது.
7. மருத்துவர் குழந்தையைப் பார்த்துப் பேச வேண்டும், அம்மாவைப் பார்த்தோ மொழிபெயர்ப்பாளரைப் பார்த்தோ அல்ல.

இவையெல்லாம் தயவு கேட்பதாக எண்ணத் தேவையில்லை. 2006-இல் நிறைவேறிய மாற்றுத்திறனாளிகள் உரிமைகளுக்கான ஐ.நா. உடன்படிக்கையின் 25-ஆவது பிரிவு மற்றவர்களுக்குக் கிடைக்கும் அதே தரத்தில் மருத்துவச் சேவை கிடைக்க வேண்டும் என்கிறது. 21-ஆவது பிரிவு சைகை மொழி உள்ளிட்ட தகவல்தொடர்பு வழிகளை ஏற்று, எளிதாக்க வேண்டும் என்கிறது.

கற்றது நிற்கிறதா?

‘புரிஞ்சுதா?’ என்று கேட்டால் காது கேளாத குழந்தை பெரும்பாலும் தலையாட்டும். புரியாததை ஒப்புக்கொண்டால் மறுபடியும் அதே விளங்காத விளக்கம் தொடங்கும் என்பதை அனுபவத்தில் கற்றிருக்கும். அதனால் கேள்வியை விட்டுவிட்டு, ‘நீ எனக்குச் சொல்லித் தா’ என்று பொம்மையையோ பல் மாதிரியையோ கையில் கொடுப்பது மேல். இரவில் ஏன் துலக்க வேண்டும் என்பதைச் சைகையிலோ வரைந்தோ சொல்லச் சொல்லுங்கள். எங்கே தயங்குகிறதோ அங்கேதான் ‘ஏன்’ போய்ச் சேரவில்லை.

பள்ளிகளில் அளவிட வேண்டுமென்றால் பல் மருத்துவர்கள் 1964 முதல் பயன்படுத்தும் சில்னஸ், லோ குறியீடு இருக்கிறது. ஈறு ஓரப் படலத்துக்கு 0 முதல் 3 வரை மதிப்பெண். வகுப்பு நடந்த சில வாரங்களில் இந்த எண் நன்றாக இறங்கும். ஒரே வகுப்போடு விட்டுவிட்டால் மாதங்கள் போகப் போகத் திரும்ப ஏறிவிடும். இது கேட்கும் பிள்ளைகளுக்கும் நடப்பதுதான். அவர்களுக்கு வீட்டிலும் தெருவிலும் நினைவூட்டல் காதில் விழுந்துகொண்டே இருக்கும். இவர்களுக்குத் திட்டமிட்டுத்தான் கொடுக்க வேண்டும். வருடத்துக்கு ஒருமுறை முகாம் நடத்திப் படம் எடுத்துக்கொள்வதைவிட, விடுதி காப்பாளருக்கும் வகுப்பாசிரியருக்கும் நிற மாத்திரையை எப்படிப் பயன்படுத்துவது என்று கற்றுக்கொடுத்துவிட்டுப் போவது உபயோகம்.

புதிய பற்கள் வரும் வயதுகளில் பாடத்தையும் புதுப்பிக்க வேண்டும். ஆறு வயதில் முதல் நிரந்தரக் கடைவாய்ப் பல் எந்தப் பால் பல்லும் விழாமலே கடைசியில் முளைக்கிறது. பெற்றோர் அதைப் பால் பல் என்று நினைத்து விட்டுவிடுவது உண்டு. கண்ணாடியிலும் அது சரியாகத் தெரியாது. குழந்தையின் விரலைப் பிடித்து அந்தப் பல்லைத் தொடவைத்து, ‘இது புதுசு, இனி இது விழாது’ என்று அதற்குத் தெரிந்த மொழியில் சொல்லிவிட்டு, பிரஷ் அங்கே எட்டுகிறதா என்று பார்க்க வேண்டும். பல்லின் பள்ளங்கள் ஆழமாக இருந்தால், அவற்றை மூடும் சீலன்ட் என்ற பூச்சைப் பூசலாமா என்று அப்போதே மருத்துவரிடம் கேட்டுவிடலாம். பன்னிரண்டு வயதுவாக்கில் அதற்குப் பின்னால் இரண்டாவது கடைவாய்ப் பல் வரும்போது இதே பாடம் இன்னொரு முறை.